போர்மேனோடு சாப்பிட்ட ஞாயிறுகள்

ஆவி பறக்க அந்த நீளப் பீங்கான் தட்டு மேசைக்கு வந்ததும் போர்மேன் பேச்சை நிறுத்திவிடுவார். முழு வெள்ளை வவ்வால் மீன். அதன் மேல் இஞ்சிக் கீற்று, தக்காளி, உப்பில் ஊறிய பிளம் பழம். மிளகாயும் கிடையாது, மசாலாவும் கிடையாது. மீனின் கன்னத்தில் நகமளவு சதை இருக்கும். அதை எடுத்து என் தட்டில் வைத்த பிறகுதான் தன் பங்கைத் தொடுவார்.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வெல்டராக இருந்தேன். எங்கள் போர்மேன் தியோச்சியூ மொழி பேசும் சீனர். அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே சொல்: வா, உக்காரு, சாப்டு. ஊரில் எனக்கு மகள் பிறந்த செய்தி வந்த அன்று நான் கப்பலின் அடித்தட்டில் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். முகமூடியைக் கழற்றாமலே அழுதேன். அவர் பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் "வா" என்று கூட்டிக்கொண்டு போனார். தியோச்சியூ சமையலை மட்டுமே செய்யும் பழைய உணவகம் அது. வட்ட மேசையைச் சுற்றி அவர் மனைவியும் அண்ணன் தம்பிகளும் எனக்காகக் காத்திருந்தார்கள். குச்சிகளை எப்படிப் பிடிப்பது என்று நான் தவித்தபோது, தன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தார். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே கரண்டிக்கு மாறினார்கள். வறுத்த வேர்க்கடலை, உப்புக் கீரை, மீன், நடுவில் கஞ்சி. நம் கஞ்சியேதான், பருக்கை மட்டும் குழையாமல் நின்றது. முகம் பார்க்காத மகளுக்காக அன்று நான் விருந்து சாப்பிட்டேன். அதன்பின் மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த மேசையில் எனக்கு இடம் இருந்தது.

நான் ஊர் திரும்பி, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கிரில் பட்டறை போட்டுப் பல வருடம் கழித்து, அவரே எங்கள் ஊருக்கு வந்தார். தியானத்துக்கு வந்த அவர் மகள் அவரையும் அழைத்து வந்து, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தார். மகள் என்னைத் தனியே அழைத்து, தொண்டைக்குச் செய்த சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்கு நாக்கில் எந்த ருசியும் தெரிவதில்லை என்றாள். நானோ மறுநாள் மதியத்துக்குப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வவ்வால் வரச் சொல்லியிருந்தேன்.

மனைவியிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. அவள் ஏற்கெனவே கலங்கிப்போயிருந்தாள்.

"ஏங்க, மொளகாத்தூள் இல்லாம, மஞ்சத்தூள் இல்லாம மீன எப்படிங்க வெக்கறது? நாத்தம் அடிக்காதா?"

"அடிக்காது. இஞ்சி ஜாஸ்தியா போடு."

பிளம் பழத்துக்குப் பதில் உப்பு நெல்லிக்காய், ஆவிக்கு இட்லிக் குண்டான். தட்டு உள்ளே போகாததால் மீனின் வாலை வெட்ட வேண்டியிருந்தது.

மீன், கஞ்சி எல்லாம் போர்மேனுக்கும் அவர் மகளுக்கும் எனக்கும் பரிமாறியாயிற்று. அவர் தொடவில்லை. கரண்டியோடு நின்றிருந்த என் மனைவியைப் பார்த்து "உக்காரு" என்றார்.

"நீங்க சாப்டுங்க, நான் அப்புறமா சாப்ட்டுக்கறேன்" என்றாள்.

"உக்காரு."

விருந்தாளியோடு அவள் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. நானும் அவளை உட்காரச் சொன்னதில்லை. அது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் நுனியில் உட்கார்ந்தாள். போர்மேன் மீனின் கன்னச் சதையை எடுத்து அவள் தட்டில் வைத்து, "சாப்டு" என்றார். பிறகு நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். கஞ்சியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அவர் மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் காலமான செய்தியை அவர் மகள்தான் அனுப்பினாள். அந்தப் பழைய உணவகத்தையும் மூடிவிட்டார்களாம். செங்கம் ரோட்டில் இன்று எந்தெந்த நாட்டுச் சாப்பாடோ கிடைக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பலகைகளைப் படிக்கிறேன். அப்படியே அந்த மீன் கிடைத்தாலும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

செய்தி வந்த அன்றுதான் அவருக்கு ருசி தெரியாது என்பதை மனைவியிடம் சொன்னேன்.

"ருசி தெரியாதவரா ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு?" என்றாள். பிறகு, "முன்னாடியே சொல்லியிருந்தா நானாச்சும் இன்னும் கொஞ்ச நேரம் அவருகூட உக்காந்திருப்பேனே" என்றாள்.