என் மகள் தன் பெயரைச் சொன்ன நாள்

போன ஜூன் மாதம் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே என் மகள் பெனிட்டா பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் திக்குவாய், நம் சபையில் பலருக்குத் தெரியும். புது வகுப்பில் எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து வாயே திறக்கவில்லை.

அதற்குப் பதிலாகக் கைபேசியில் தட்டுவாள், கைபேசி பேசும். செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். "அம்மா, எனக்குப் பசிக்கிறது. உணவு தயாராகிவிட்டதா?" முதல் நாள் நானும் அவள் அப்பாவும் சிரித்துவிட்டோம். எங்கள் வீட்டில் யார் 'உணவு' என்கிறார்கள்? சோறு ஆச்சா என்றுதான் கேட்போம். ஒரு வாரம் போனதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மர்பி டவுனில் இருக்கிற எங்கள் சின்ன வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, என் மகள் இடத்தில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது.

நான் ஒரு பல் மருத்துவமனையில் ரிசப்ஷனில் இருக்கிறேன். தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் என்று நாள் முழுக்கப் பேசிப் பேசியே சம்பளம் வாங்குகிறவள். வாயாடி என்று நீங்கள் கிண்டல் செய்வீர்கள், ஒத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கு இப்படியா என்று, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். "ஆண்டவரே, என் பிள்ளையின் குரலைத் திரும்பக் கொடும். திக்காத குரலாகக் கொடும்." இதுதான் என் ஜெபம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் நீங்களும் என்னோடு சேர்ந்து கண்ணீர் விட்டீர்கள். ஜூலை போனது, ஆகஸ்ட் போனது. பதில் இல்லை. வெறுத்துப்போனேன்.

செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. செயற்கை நுண்ணறிவு, அதுதான் எல்லாரும் ஏஐ ஏஐ என்கிறார்களே, அது சமுதாயத்தை எப்படி மாற்றுகிறது என்று எழுத வேண்டும். பெனிட்டா எழுதி அனுப்பினாள். எனக்குக் காட்டவில்லை. தேர்வாகிவிட்டாள். நான் சந்தோஷப்படுவதற்குள் அடுத்த செய்தி வந்தது. பிள்ளைகள் அந்த ஏஐயை விட்டே எழுதி அனுப்பியிருப்பார்களோ என்று நடுவர்களுக்குச் சந்தேகமாம். அதனால் தேர்வானவர்கள் மேடையேறி, எழுதியதைத் தங்கள் வாயாலேயே இரண்டு நிமிடம் சொல்ல வேண்டுமாம்.

அங்கே போய்ப் பேசாமல் நின்றால் என் பிள்ளையை ஏமாற்றுக்காரி என்றல்லவா நினைப்பார்கள்! விலக்குக் கேட்டுப் பள்ளிக்கு ஓடினேன். வகுப்பு ஆசிரியை கையை விரித்துவிட்டார்.

"எல்லாருக்கும் ஒரே ரூல் மேடம். நான் என்ன பண்றது? வேணும்னா பேரை வாபஸ் வாங்கிக்கோங்க."

வீட்டுக்கு வந்து, "வேணாம் கண்ணு, விட்டுடு. அம்மா பேரை எடுத்துட்டு வந்துடறேன்" என்றேன். கைபேசி பதில் சொன்னது. "இல்லை அம்மா. நான் போவேன்."

ஒரு சனிக்கிழமை காலை, ஒரு கல்லூரி அரங்கத்தில் போட்டி. பெற்றோருக்குக் கடைசி வரிசை. பெனிட்டா மேடையேறினாள். கையில் கைபேசி இல்லை. மைக் முன்னால் நின்றாள். "மை நேம் இஸ் பெ... பெ... பெ..."

அதோடு நின்றுவிட்டது. திக்குகிற பலருக்குச் சொந்தப் பெயர்தான் ரொம்பக் கஷ்டம். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. முன்வரிசையில் ஒரு பையன் அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் பார்த்து, "பெனிட்டா!" என்று எடுத்துக் கொடுத்தான். கேலி இல்லை, பாவம், உதவிதான் செய்தான். நானும் வாய்க்குள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் அவள் ஒரு எழுத்தை ஆரம்பித்தால் மீதியை நான்தானே முடித்து வைப்பேன்!

நடுவராக இருந்த கன்னடத்து அம்மா ஒருவர் கையைத் தூக்கினார். "இரப்பா, அவளே ஹேளலி." இருப்பா, அவளே சொல்லட்டும் என்றார். நேரம் பார்க்கிற பெண்ணிடமிருந்து மணியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பெனிட்டாவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

"பெ... பெனிட்டா."

கம்மிப்போயிருந்தது. ஆனாலும் என் பிள்ளையின் குரல்! துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இங்கிலீஷில், திக்கித் திக்கித்தான் சொன்னாள், ஆனால் எல்லாவற்றையும் சொன்னாள். "என் கைபேசி என்னைவிட நன்றாகப் பேசுகிறது. அது பேச ஆரம்பித்ததும் கேலி நின்றது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைபேசியைத்தான் பார்த்தார்கள். என் அம்மாவும்கூட. பேசவே முடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. என்னால் பேச முடியும், நேரம்தான் ஆகும். அந்த நேரத்தைக் கொடுக்க இனி மனிதர்களுக்குப் பொறுமை இருக்குமா?"

பரிசு வேறொரு பள்ளிக்குப் போனது. ஆனால் இதை நீதான் எழுதினாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை.

நான் கேட்டது திக்காத குரல். ஆண்டவர் திக்குகிற குரலையே திருப்பிக் கொடுத்தார், கேட்கிறதற்கு ஆட்களையும் கொடுத்தார். நான் கெஞ்சிக் கேட்ட விலக்கைக் கொடுக்காததும் அவர்தான் என்று நம்புகிறேன். முன்பிருந்தே போகிற பேச்சுப் பயிற்சிக்கு இப்போதும் போகிறாள். நான் அவள் வார்த்தையை முடித்து வைப்பதை விட்டுவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுச் சோர்ந்துபோனவர்கள் இங்கே யாராவது இருந்தால், விட்டுவிடாதீர்கள். அவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

இன்றைக்கு முடிவு ஜெபத்தை பெனிட்டா செய்யப்போகிறாள். அவளேதான் கேட்டாள். நேரம் ஆகும். வீட்டில் அடுப்பு வேலை காத்திருக்கும், தெரியும். தயவுசெய்து உட்காருங்கள். நடுவில் நின்றால் யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஆமென்கூட, அவள் சொன்ன பிறகு சொல்லுங்கள்.