பௌர்ணமியில் திறந்த பப்

நுவரெலியாவில் எங்கள் தெருவில் ஐரிஷ் பப் ஒன்று வந்தபோது, மின்வேலை முழுவதும் என் பொறுப்பு. நான் தனியாக எடுத்த முதல் வேலை அது. விளக்கு, கேமரா, பியர் குழாய், குளிரூட்டி எல்லாம் சரிபார்த்தேன். திறப்புக்கு நல்ல நாள் பார்க்கவும் முதலாளி என்னிடமே சொன்னார். பஞ்சாங்கத்தில் ஒரு ஞாயிறு, நிறைந்த பௌர்ணமி. மகிழ்ச்சியோடு குறித்தேன்.

அன்று காலை பக்கத்துத் தேநீர்க் கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் 'நானா' என்று கூப்பிடுபவர், எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னைக்குப் போயா. ஒரு சொட்டு ஊத்தினாலும் பொலிஸ் வரும்."

பௌர்ணமி நல்ல நாள் என்று நினைத்தேனே தவிர, அதுதான் போயா விடுமுறை, அன்று நாடு முழுவதும் மது விற்கத் தடை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

"ஊரையே கூப்பிட்டுட்டேனேம்மா!" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

"தப்பு என்னோடதுங்க சார்" என்றேன்.

நானா சிரித்தார். "கதவ மூடாதீங்க மொதலாளி. என் பொயிலரத் தூக்கிட்டு வாறேன். இன்னைக்கு விட்டா நான் எப்ப உங்க கடைக்குள்ள வாறது?"

மாலையில் பெரிய பியர் கிளாஸ்களில் இஞ்சித் தேநீர் ஆவி பறந்தது. நானா குடும்பத்தோடு வந்தார். சந்தையில் மரக்கறி விற்கும் பெண்கள் வந்தார்கள். பார் என்றாலே முகம் சுளிக்கும் என் அம்மா உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "எறங்க ஏணி தருவாங்களாடி?" என்றார். ஐரிஷ் வயலினுக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் பியர் ஓடியது. அவர்கள் யாரும் வரவில்லை. நான் சரியான நாளைக் குறித்திருந்தால், எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வாசலைத் தாண்டியே இருக்கமாட்டார்கள்.