மாடியில் பேச்சு, கீழே நான்

படியேறுவதற்கு முன்னால் மேடம் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்ப்பார். வாயைத் திறக்க மாட்டார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு புருவத்தை மட்டும் லேசாகத் தூக்குவார். 'கீழ பாத்துக்கோங்ணா' என்று அதற்கு அர்த்தம். கார் ஓட்டத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆனால் ஹைதராபாத்தில் நான் பார்த்த உண்மையான உத்தியோகம் வேறு. மாடியில் ஒரு பிள்ளை பேசி முடிக்கிறவரை அதன் அப்பா அம்மாவைக் கீழேயே பிடித்து வைத்திருப்பதுதான் அது.

மேடம் ஆராய்ச்சி செய்கிறவர். ரத்தம் எடுக்கிற ஆராய்ச்சி இல்லை, பேச்சு எடுக்கிற ஆராய்ச்சி. தீராத வியாதியோடு வளர்கிற பிள்ளைகளின் வீட்டுக்கே போய், ஆஸ்பத்திரியில் உன்னை எப்படி நடத்துகிறார்கள், இந்த வியாதி வந்த பிறகு உன்னை நீ யாரென்று நினைக்கிறாய் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்வார். பேச்சுக்குச் சம்பளம் உண்டென்று முன்பே தெரிந்திருந்தால் நான் இந்நேரம் கொண்டாப்பூரில் பங்களா கட்டியிருப்பேன். நான் மூன்றாம் வகுப்பு வரை போனவன். அதிலும் இரண்டாம் வகுப்பை ருசி விட்டுப்போகாமல் இரண்டு தடவை படித்தவன். திண்டுக்கல்லிலிருந்து வெங்காய லாரியில் கிளீனராக போவன்பள்ளி மார்க்கெட்டுக்கு வந்தேன். லாரி திரும்பிப் போகும்போது மார்க்கெட்டில் இறக்கிய மூட்டைகளுக்கு நடுவே தூங்கிவிட்டேன். அப்படித்தான் இந்த ஊர்க்காரன் ஆனேன்.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேள்வி கேட்பார், பிறகு சும்மா இருப்பார். எதிராளி பதில் சொல்லி முடித்த பிறகும் சும்மா இருப்பார். அந்தச் சும்மாவை யாராலும் தாங்க முடியாது. முதல் நாள் காரில் ஏறியதும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். வண்டி சேரவேண்டிய இடம் சேர்வதற்குள் என் மூலவியாதி வரைக்கும் நானே சொல்லி முடித்திருந்தேன்.

பெரியவர்கள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தால்கூடப் பிள்ளைகள் வாய் திறக்காது என்பது மேடத்தின் கணக்கு. அதனால் கீழே நான் கூத்தாடினேன். பட்டான்செருவில் ஒரு தமிழ்க்காரர், மாத்திரை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்தவர். அவருடைய மகனுக்கு வலிப்பு. அவர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அவன் உள்ள என்ன சொல்றான்னு எனக்குத் தெரிய வேணாமா? பெத்தவன்யா நான்!" என்றார்.

"சார், உங்களப் பத்தி நல்லதாத்தான் சொல்லிட்டிருப்பான். நீங்க மேல போனா நிறுத்திருவான்" என்றேன்.

சிரித்துவிட்டார், உட்கார்ந்துவிட்டார். இதே வசனத்தை எத்தனையோ வீடுகளில் ஓட்டினேன், எல்லா இடத்திலும் ஓடியது. அவர்கள் கால்கள் ஏன் அப்படி ஆடிக்கொண்டே இருந்தன என்று மட்டும் நான் யோசித்ததில்லை.

என் மகளுக்கும் சர்க்கரை வியாதி உண்டு. வயதானவர்களுக்கு வருகிற வகை இல்லை. சின்ன வயதிலேயே வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டே ஆகவேண்டிய வகை. ஊசி இல்லையென்றால் பிள்ளை இல்லை. ஏழாம் வகுப்பில் வந்தது. அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இப்போதும். பன்னிரண்டாவது முடிக்கிறவரை பிரச்சினை இல்லை. காலேஜில் சேர்ந்த வருஷம் ஒருநாள் வாந்தி எடுத்து, மூச்சு வாங்கி, ஆட்டோவில் என் மடியிலேயே கண் சொருகிவிட்டாள். பிழைத்தாள். கொஞ்ச மாதம் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது.

"ஊசி ஒழுங்கா போடுறாளா?" என்று டாக்டர் தமிழிலேயே கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என் கண் முன்னாடி போடுறா சார், காலையிலயும் ராத்திரியும். எங்க வீட்டுல அரிசி தீந்தாலும் தீரும், ஊசி தீராது" என்று நான் சொன்னேன். டாக்டர் சிரித்தார். பாப்பா சுவரைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் டாக்டர் சிரிப்பை நிறுத்தி, "மூணாவது தடவ நேரத்துக்கு இங்க வந்து சேர முடியுமான்னு என்னால சொல்ல முடியாதுப்பா" என்றார்.

அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் படுத்திருந்தால் மூன்று சாக்கு சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். "க்யா ஹை பப்பா?" என்று, என்னப்பா வேணும் என்கிற மாதிரி, இந்த ஊர் இந்தியில் கேட்பாள் கண்ணைத் திறக்காமலேயே. பல்லி என்று சொல்வேன். எங்கள் வீட்டில் அந்த மாதம் இருந்த பல்லிகளுக்கு வாடகையே வாங்கியிருக்கலாம். நான் என்ன கேட்டாலும் "நக்கோ", அதாவது வேண்டாம், அது ஒன்றுதான் பதில். என் வீட்டுக்காரி மார்க்கெட்டில் பூண்டு விற்கிறவள், அதட்டி வியாபாரம் செய்து பழகியவள். அவள் அதட்டியும் ஒன்றும் வரவில்லை.

அந்த நேரத்தில் பாப்பாவின் ஆஸ்பத்திரியிலேயே மேடத்தின் ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள், அவளும் சரியென்றிருக்கிறாள். பதினெட்டு முடிந்துவிட்டதால் என் கையெழுத்துகூடத் தேவையில்லையாம். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்ட ஒரே எழுத்து வேலை அது, அதற்கும் மதிப்பில்லை.

"நான் கேக்க மாட்டேங்ணா. என்கிட்ட சொன்னா உங்க காதுக்கு வந்துருமோன்னு அவளுக்குத் தோணும். நம்ம சின்ன மேடம் கேக்கட்டும்" என்றார் மேடம்.

அந்தச் சனிக்கிழமை, மேடத்துக்கு உதவியாக ஆராய்ச்சியில் இருக்கிற சின்ன மேடம் எங்கள் மாடிக்கு ஏறிப் போனார். கதவு சாத்தப்பட்டது. கீழே, வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் நிற்கிற இடத்தில், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் மேடமும். என் வேலையை அன்றைக்கு மேடம் பார்த்தார். பாவம், அவருக்கு வரவில்லை. வண்டி எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது என்று கேட்டார். தினமும் அதில்தான் வருகிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணா, அவ உங்களப் பத்தி நல்லதாத்தான் சொல்லிட்டிருப்பா. நீங்க மேல போனா..." என்றார். அப்புறம் மறந்துவிட்டது.

"நிறுத்திருவா, மேடம்" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். சிரிப்பு வரவில்லை. எத்தனை அப்பன்மார்களுக்கு இதைப் போய் ஊட்டியிருக்கிறேன் என்றுதான் தோன்றியது.

"அவ ஏதாவது சொன்னா எங்கிட்ட சொல்வீங்களா?"

"மாட்டோங்ணா."

"உசுரு போற விஷயமா இருந்தா?"

"அப்ப சொல்லுவோம். ஆனா அவகிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவோம். ஆரம்பத்துலயே அத அவளுக்குத் தெளிவா சொல்லிருப்பாங்க."

அப்படியென்றால் அவர்கள் வாய் திறந்தால் என் மகள் உயிருக்கு ஆபத்து. திறக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரியப்போவதில்லை. எதை வேண்டிக்கொள்வது என்று புரியாமல் என் கால் ஆட ஆரம்பித்தது. மேலே பாப்பா திடீரென்று சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. எதற்குச் சிரித்தாள்? என்னைச் சொல்லித்தான் சிரித்திருப்பாள், பரவாயில்லை, சிரிக்கட்டும். அடுத்து மேலே சத்தமே இல்லை. எனக்கு அந்த அமைதி தெரியும். கேள்வி கேட்டாகிவிட்டது, இப்போது காத்திருக்கிறார்கள். நான் எழுந்து படிவரை போய்விட்டேன். மேடம் தடுக்கவில்லை. புருவத்தைத் தூக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம்" என்றேன். வேறு எதுவும் சேர்த்துச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

கதவு திறந்தது. சின்ன மேடம் படிக்கு மேலே நின்று மேடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அப்படியென்றால் உசுரு போற விஷயம்தான் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் பின்னாலிருந்து பாப்பாவே இறங்கி வந்தாள்.

"அப்பா, நானே சொல்றேன்னு சொல்லிட்டேன். நடுவுல பேசாத."

"சரி."

"பேசாதன்னேன்ல?"

தலையாட்டினேன்.

"காலேஜ்ல நான் மத்தியான ஊசி போடறதில்ல. எல்லாரும் சாப்பிடறத சாப்பிடறேன். ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியும்ப்பா. டீச்சர் தனியா உக்கார வப்பாங்க, பசங்க ஷுகர் ஷுகர்னு கூப்பிடுவாங்க. காலேஜ்ல ஒருத்தருக்கும் தெரியாது. அங்க எனக்கு இந்த வியாதி இல்ல. வீட்டுலதான் இருக்கு."

காலையில் கேட்டைத் தாண்டும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்து போவாளே, அது எதிலிருந்து தப்பித்துப் போகிற நடை என்று அப்போதுதான் தெரிந்தது. கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. வியாதியிலிருந்து, உயிரையே விலையாகக் கேட்கிற ஒரு விடுமுறையை என் பிள்ளை தனக்குத்தானே கொடுத்துக்கொண்டிருந்தாள் என்ற நடுக்கம்தான் வந்தது.

"இனிமே போட்டுக்கறேன். ஆனா நீ மத்தியானம் போன் பண்ணி ஊசி போட்டியான்னு கேக்கக் கூடாது. யாருக்குச் சொல்லணுமோ நான் சொல்லிக்குவேன். டாக்டர்கிட்டயும் நானே பேசுவேன். ஓகேவா?"

மேடத்தைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றிருந்தது. சொல்லவில்லை. "ஓகே" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த பதில்களிலேயே சின்னது அதுதான்.

அந்த ஆராய்ச்சி முடிந்து மேடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். எப்போதாவது வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார், அதிலும் பாதி நேரம் சும்மாதான் இருப்பார். பாப்பா இப்போது பட்டான்செரு பக்கம் ஒரு கம்பெனியில் மாத்திரை சோதிக்கிற வேலையில் இருக்கிறாள். ஷேர் ஆட்டோவில் போகிறாள். மூன்றாவது தடவை வரவில்லை. ஆனாலும் மத்தியானம் ஆகிவிட்டால் வண்டி எங்கே நின்றாலும் என் கை போனுக்குப் போகும். எடுப்பேன், மணி பார்ப்பேன், பையில் போடுவேன். பக்கத்து டிரைவர்கள் எனக்கு இந்த வயதில் ஏதோ காதல் என்று பேசிக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை, கௌரவமாக இருக்கிறது.

போன வாரம் அந்த நேரத்தில் அவளே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அப்பா, வீட்டுச் சாவிய நீ எடுத்துட்டுப் போயிட்டியா?"

"எங்கிட்டத்தான் இருக்கு" என்றேன். ஊசி என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. விழுங்கினேன். அந்தப் பக்கம் கேன்டீன் சத்தம், டிபன் டப்பாக்கள் திறக்கிற சத்தம். யாரோ ஒரு பெண் பக்கத்தில் இன்னொருத்தியைத் தெலுங்கில் அதட்டினாள்: "ஆகு, தானி இஞ்செக்‌ஷன் அவ்வனி. அப்புடு திந்தாம்." இரு, அவள் ஊசி முடியட்டும், அப்புறம் சாப்பிடலாம் என்கிறாள்.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்."

"ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிற?"

"சும்மாத்தான்."

"நீயா, சும்மாவா?" என்றாள் பாப்பா. "காய்ச்சலா உனக்கு?"