ரெண்டு நிமிஷ வேலை

காது மிஷின் ரிப்பேர் செய்யும் அந்தக் கடையில் எல்லோரும் அவளை ட்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. முதலாளிக்கு அவளைவிட வயது அதிகம். அவரும் கூச்சமே இல்லாமல் அக்கா என்பார். வேலை நடந்தால் போதும், முறையில் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

அவள் வருவதற்கு முன் அந்தக் கடை இருந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். ரிப்பேருக்கு வந்த மிஷின்கள் மேஜை மேல், டிராயருக்குள், முதலாளியின் சட்டைப் பையில் என்று கண்ட இடத்தில் கிடக்கும். சொன்ன தேதியில் ஒன்றும் தயாராக இருக்காது. வாங்க வருகிறவர்களுக்கோ, மிஷின் இல்லாததால் காது கேட்காது. அவர்கள் கத்துவார்கள், பதிலுக்கு முதலாளி கத்துவார். சுகம் விசாரித்துக்கொண்டால்கூடத் தெருமுனையில் நிற்பவர்கள் அடிதடி என்று எட்டிப் பார்ப்பார்கள். ஒரு முறை ஒரு வாத்தியாரின் மிஷினை வேறு யாரோ மாட்டிக்கொண்டு போய், மறுநாள் வந்து "முன்னைக்கு இப்ப தேவலை" என்று நன்றி சொன்னதும் நடந்திருக்கிறது.

அவள் சேர்ந்த வாரமே ஒரு இரும்பு ரேக் கேட்டாள், நிறைய பிளாஸ்டிக் ட்ரே கேட்டாள். ஒரு மிஷினுக்கு ஒரு ட்ரே. கவுன்டருக்கு வந்த எதையும், ஆள் எதிரே நிற்கும்போதே பிரித்து ஒரு பார்வை பார்ப்பாள்: பேட்டரி, குழாய், காதுக்குள் பொருந்தும் அச்சு. இரண்டு நிமிஷத்தில் முடிகிற கோளாறு என்றால் கையோடு முடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவாள். அது ட்ரே பக்கமே போகாது. உட்கார்ந்து பார்க்க வேண்டியது மேல்தட்டுக்கு. பார்ட் வர வேண்டியது அதற்கடுத்த தட்டுக்கு. முடிந்து, ஆள் வந்து வாங்க வேண்டியது அதற்கும் கீழே. சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு ட்ரே ட்ரேயாக எடுத்து, இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று பார்த்து வைப்பாள். அதோடு கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனால், திங்கட்கிழமை வரை கடை அவள் நினைப்பிலேயே இருக்காது.

அடித்தட்டில் ஒரே ஒரு ட்ரே. கடை ஆட்களின் வீட்டு மிஷின்கள் அதில் கிடக்கும். காசு கொடுத்தவர்கள் வேலை முடிந்த பிறகுதான் சொந்தக்காரர்கள் என்பது அவள் போட்ட சட்டம். முதலாளியின் மாமியாருடைய மிஷினே அதில் வெகுநாள் கிடந்தது. முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த ஒழுங்கை அவள் எந்த வகுப்புக்கும் போய்ப் படிக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் படித்தாள். அந்த வருஷம் அவள் தலைக்குள் சந்தைக்கடை இரைச்சல். மாத்திரை, டாக்டர், வாடகை, கேஸ் சிலிண்டர், தங்கையிடம் சொல்ல வேண்டியது, சொல்லக் கூடாதது. நடுத்தெருவில் நின்று, எங்கே போகக் கிளம்பினோம் என்று யோசித்திருக்கிறாள். அம்மா போன பிறகும் அந்த இரைச்சல் நிற்கவில்லை. அப்போதுதான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள். கதவருகே வரிசையாகக் கொக்கிகள்: கட்ட வேண்டிய பில் ஒன்றில், எடுத்துப் போக வேண்டிய பை ஒன்றில். ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு இன்றைக்கு, ஒரு தட்டு நாளைக்கு. எதுவும் தலைக்குள் நிற்கக் கூடாது. நிற்கும்போல் இருந்தால் வெளியே அதற்கொரு இடம் பார்த்து வைத்துவிட வேண்டும்.

இரைச்சல் அடங்கியது. கூடவே வேறு என்னவோவும் அடங்கிப்போயிற்று. அம்மாவின் துணிமணிகளை மடித்துக் கொடுத்து அனுப்பிய அன்று அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை வேறு ஊரில் குடும்பமாக இருந்தாள். வீட்டில் அவளும் அப்பாவும்தான். அப்பாவுக்கு ஒரு காது அடியோடு போய்விட்டது, மற்றதில் மிஷின். ஒரு நாள் காலை, அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவர் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"பாப்பா, இது செத்துப்போச்சு போல. புது பேட்டரி போட்டும் பாத்துட்டேன்."

அவளுக்கு நேரமாகிவிட்டது. காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கடைக்குப் போனதும் அடித்தட்டு ட்ரேயில் வைத்தாள். தப்பு நடந்த இடம் இதுதான். கவுன்டர் வழியாக வந்திருந்தால், முன்பின் தெரியாத ஆளுடையதாக இருந்தாலும் உடனே பிரித்துப் பார்த்திருப்பாள். இது கைப்பை வழியாக வந்தது. வீட்டு மிஷின் என்பதால் நேரே கீழே போயிற்று; யார் கண்ணும் படவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்த ட்ரேயையும் எடுக்கத்தான் செய்தாள். இதற்காக யாராவது வந்து நிற்கிறார்களா என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். யாரும் நிற்கவில்லை. இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவாள்.

அப்பா ஆரம்பத்தில் ஓரிரு முறை கேட்டார். "என்னாச்சு பாப்பா, பாத்தியா?" அவள் கையை ஆட்டி, பார்ட் வர வேண்டும், வந்துவிடும் என்று ஜாடை காட்டினாள். புரிந்ததோ இல்லையோ, தலையாட்டினார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார்.

வீடு அதற்குத் தகுந்தபடி பழகிக்கொண்டது. விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால் அவள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். மேஜையைத் தட்டினால் சாப்பாடு தயார். அதிர்வு அவர் கைக்குத் தெரியும். அப்பாவின் கப் நிமிர்ந்திருந்தால் டீ வேண்டும், கவிழ்ந்திருந்தால் வேண்டாம். கப் விஷயம் அப்பாவே கண்டுபிடித்தது. வாயைத் திறக்காமலே நாட்கள் ஓடின. உள்ளதைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்திருந்தது. நாள் பூராவும் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவளுக்குக் கத்தத் தேவையில்லாத ஒரு வீடு. அப்பாவும் யாருக்கும் தொந்தரவு தராத மனுஷர். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு டீவி பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு எதற்கு இடைஞ்சல் என்று நினைத்திருப்பார். என்ன நினைக்கிறார் என்பதற்கு மட்டும் அந்த வீட்டில் ஜாடை எதுவும் ஏற்படவில்லை.

மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் உள்ளே வந்து விளக்கை அணைத்துப் போட்டபோது, "எதுக்குக்கா லைட்டோட விளையாடற?" என்று ஒரு குரல் கேட்டது.

தங்கை. சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். உள்ளறையில் அப்பா சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். கட்டில் மேல் ஒரு பெட்டி வாய் திறந்து கிடந்தது.

"நாளைக்குக் காலைல அப்பாவைக் கூட்டிட்டுப் போறேன்."

"ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டும்."

"ரெண்டு நாள் இல்லக்கா. எங்ககூடவே இருக்கட்டும்."

அவள் பையைக் கொக்கியில் மாட்டினாள். சாவியை அதன் கொக்கியில் மாட்டினாள். "நீ கூப்பிட்டியா?"

"நானா கூப்பிடல. பக்கத்து வீட்டுக்காரர் போன்லேருந்து அப்பாவே மெசேஜ் போடச் சொல்லியிருக்கார். உங்க வீட்டுல எனக்கு ஒரு மூலை கிடைக்குமான்னு." தங்கை உள்ளறைப் பக்கம் பார்த்தாள். "மூலையாம்க்கா."

அவள் மாட்டிய சாவியை நேராக்கினாள்.

"அவர் வெளிய போறதை எப்ப நிறுத்தினார், தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"பின்னாடி லாரி வந்து ஹாரன் அடிச்சிருக்கு. இவருக்குக் கேக்கல. டிரைவர் இறங்கி வந்து சட்டையைப் புடிச்சப்பதான் தெரிஞ்சுதாம். அதுலேருந்து கேட்டைத் தாண்டறதே இல்ல."

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"நானும் அதைத்தான் எழுதிக் காட்டிக் கேட்டேன். சொன்னா அவளுக்கு இன்னொரு வேலை கூடும்னு சொல்றார்."

இதைக் கேட்டு அவளுக்கு நெஞ்சை அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டு மரத்த கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது. விரல் படுவது தெரிகிறது, கன்னம் யாருடையதோ என்றிருக்கிறது.

"மிஷின் எங்க?" என்றாள் தங்கை.

"கடையில."

"குடுத்துடு. நாங்க அங்க ரிப்பேர் பண்ணிக்கறோம். என்ன கோளாறு அதுல?"

அந்த ரேக்கில் இருக்கும் எந்த மிஷினைக் காட்டிக் கேட்டாலும், யாருடையது, என்ன வியாதி, எப்போது தயாராகும் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். இதற்கு என்ன வியாதி என்று மட்டும் தெரியாது.

"பாக்கணும்."

"இன்னும் பாக்கவே இல்லையா?" தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். கத்தப்போகிறாள் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. தங்கை கத்தவில்லை. அப்பாவுக்குப் பெட்டியை மூட உதவி செய்ய உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் போய்க் கடையைத் திறந்தாள். விடுமுறை நாளில் அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. அடித்தட்டு ட்ரேயை மேஜைக்குக் கொண்டுவந்து, காகிதத்தைப் பிரித்து, விளக்கைப் போட்டாள். போகிற வழியெல்லாம் பெரிய கோளாறாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போயிருந்தாள். உள்ளே ஏதாவது எரிந்துபோயிருக்க வேண்டும், கம்பெனிக்கு அனுப்பினாலும் மாதக்கணக்கில் ஆகிற கோளாறாக இருக்க வேண்டும்.

காதுப் பக்கம் போகும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கடுகளவு குறும்பி, கெட்டியாக உறைந்து அடைத்துக்கொண்டிருந்தது. கடைக்கு வருகிற மிஷின்களில் பாதிக்கு இதுதான் வியாதி. மெல்லிய கம்பியை விட்டுத் தள்ளினாள். ரப்பர் பந்தை அழுத்திக் காற்று விட்டாள். புது பேட்டரி போட்டு உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்ததும், மிஷின் கீ என்று கத்தியது. நன்றாக இருக்கிற மிஷின் அப்படித்தான் கத்தும்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது.

கையைத் திறந்தால் நின்றது, மூடினால் கத்தியது. திறந்து திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வருமோ என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. வந்தது ஒரே ஒரு யோசனை. காது கேட்டுவிட்டால் அப்பா போக வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து சட்டைகளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம். அவர் போகக் கூடாது என்று அவளுக்கு இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு ஒன்று வேண்டும் என்று இருந்தது. அதை எந்தக் கொக்கியில் மாட்டுவது என்று தெரியவில்லை. காலி ட்ரேயைத் துடைத்து வைத்துவிட்டுக் கடையைப் பூட்டினாள்.

வீட்டில் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். பெட்டி வாசற்கதவுப் பக்கம் நின்றது. தங்கை வண்டி கூப்பிட வெளியே போயிருந்தாள். அப்பாவுக்கு எதிரே குனிந்து அவள் மிஷினைக் காதுக்குப் பின்னால் பொருத்தி, அச்சை உள்ளே திருகி அழுத்தினாள். முகத்துக்கு இவ்வளவு கிட்டே வந்து பார்த்து நாளாயிற்று. அப்பா மெலிந்திருந்தார்.

அவர் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது. சுற்றிலும் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜா அது? இவ்வளவு சத்தமா போடுது?"

"ஆமாப்பா."

"பார்ட் வந்துடுச்சா?"

பொய் சொல்ல நல்ல வழி விட்டுத்தான் கேட்டார். ஆமாம் என்றால் தீர்ந்தது.

"பார்ட் ஒண்ணும் இல்லப்பா. குழாய்ல அடைப்பு. ரெண்டு நிமிஷ வேலை. நான் பாக்கவே இல்ல."

அப்பா மெல்லத் தலையாட்டினார். முன்பு ஜாடையைப் பார்த்து ஆட்டிய அதே தலையாட்டல். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்திருக்கும்.

"சரி, பேசு பாப்பா."

"என்னப்பா பேசறது?"

"எதையாவது. உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். போகாதீங்கப்பா என்று சொல்லத்தான் வந்தாள். அது நாக்கு நுனிவரை வரவில்லை. வேறு எதையாவது சொல்லலாம் என்று பார்த்தாள். கடையில் நடந்தது, பஸ்ஸில் பார்த்தது, அம்மாவைப் பற்றி ஒன்று. தேடத் தேட, பெருக்கித் துடைத்த அறை மாதிரி உள்ளே சுத்தமாக இருந்தது. அப்பா கேட்கிற காதை அவள் பக்கம் சாய்த்து, பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார். ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது.

"டீ போடட்டுமாப்பா?" என்றாள்.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கையை நீட்டி, தன் எதிரே நிமிர்ந்திருந்த கப்பை எடுத்து, சத்தம் வராமல் கவிழ்த்து வைத்தார்.

வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவளுக்கு முன்னால் அவருக்குக் கேட்டுவிட்டது. எழுந்து பெட்டியை எடுத்துக்கொண்டார்.