காணாமல் போன குழந்தை இயேசு

மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளே, நான் செம்மண்டலம் ஆக்னஸின் அப்பா. அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "நீ திட்டினதையும் எழுதணும்" என்றாள். எழுதுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, எங்கள் வீட்டுக் குடிலில் வைக்கும் குழந்தை இயேசு சுரூபத்தைக் காணோம். கிறிஸ்துமஸ் காலையில்தான் அதை அலமாரியிலிருந்து எடுத்துத் தீவனத் தொட்டியில் வைப்போம். வைப்பது எப்போதும் ஆக்னஸ்தான்.

அவளுக்கு ஒன்பது வயது. ஏ.டி.எச்.டி. இருக்கிறது என்று சிதம்பரத்து டாக்டர் சொல்லியிருந்தார். மனம் ஒன்றில் நிற்காது, கை கால் சும்மா இராது. நான் நம்பவில்லை. எல்லாம் நடிப்பு என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் லீவு விட்டு, வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்ததும் அவள் ஆட்டம் ஜாஸ்தியாகிவிட்டது. முறுக்கு மாவில் கை, சீரியல் பல்பில் கை. அப்படியென்றால் சுரூபத்தை எடுத்தது வேறு யார்?

"எங்க வச்ச?"

"நான் எடுக்கலப்பா."

கத்தினேன். "டிவிக்குப் பின்னாடி" என்றாள். அங்கே இல்லை. "பிரிட்ஜ் மேல." அங்கேயும் இல்லை. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

மனைவியின் தம்பி வேறு, "ரெண்டு வையுங்க மாமா, தானா வாயத் தொறப்பா" என்றான். நான் அடிக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொன்னேன்.

"இந்த வருஷம் குழந்தைய நீ வைக்க வேணாம்."

அவள் அழவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்துச் சிதம்பரம் போனேன். இவள் பொய் சொல்கிறாள் என்று டாக்டர் வாயாலேயே வர வேண்டும், எனக்கு அதுதான் நினைப்பு. வழியெல்லாம் செபித்தேன்: "ஆண்டவரே, ஒளித்து வைத்ததை வெளியே கொண்டுவாரும்."

டாக்டர் அவளிடம் பொறுமையாகப் பேசிவிட்டு என்னிடம் சொன்னார்: "நீங்க கத்துறத நிறுத்தணும்னு வாய்க்கு வந்தத சொல்லியிருக்கா சார். லீவுன்னாலும் சாப்பாடு, தூக்கம் நேரத்துக்கு இருக்கட்டும். கூட்டம் ஜாஸ்தியானா அவ அமைதியா உக்கார ஒரு எடம் குடுங்க. ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லணும்."

இவரையும் ஏமாற்றிவிட்டாளே என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் வேலை பார்க்கும் சிப்காட் பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஓரமாக நிறுத்தி, ரெயின்கோட் எடுக்க சீட்டைத் தூக்கினேன். ரெயின்கோட்டுக்கு அடியில் என் கைக்குட்டை. அதற்குள் குழந்தை இயேசு. பக்கத்தில் பசை டியூப்.

அதற்கு முந்தின வாரம் ஸ்டார் எடுக்க அலமாரியைத் திறந்தபோது நான்தான் கை பட்டு அதன் விரலை உடைத்தேன். வேலை இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்தவன், அப்படியே மறந்துவிட்டேன். ஒரு வாரமாக அவர் என்னோடு வேலைக்கு வந்து போயிருக்கிறார். அவளைச் சந்தேகப்பட்டுச் செபித்துக்கொண்டே போன வழியெல்லாம் எங்கள் இருவருக்கும் கீழேதான் இருந்திருக்கிறார்.

என் செபம் கேட்கப்பட்டது. ஒளித்து வைத்தவன்தான் வேறு.

"அப்பாவ மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயும் மறந்துட்டியாப்பா? வா, திரும்பி டாக்டர்கிட்ட போலாம். உனக்கும் மருந்து குடுப்பாரு."

மழையில் நின்று சிரித்தேன். அழுகையும் வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். கிறிஸ்துமஸ் காலையில் ஆக்னஸ்தான் குழந்தையை வைத்தாள். நான் ஒட்டிய விரல் கோணல்தான். இப்போது நேரம் எழுதிய அட்டை ஒன்று சுவரில் தொங்குகிறது; அவளுக்கும் எனக்கும் சேர்த்து. ஏதாவது காணோமென்றால் முதலில் என் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, செய்யாத ஒன்றுக்கு யாராவது உங்களைத் திட்டினால் ஆண்டவரிடம் போய்ச் சொல்லுங்கள். பொருள் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். உங்கள் மேல் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.