நான்காவது கேள்விக்கு முப்பத்தொரு பதில்

ஜெசிந்தா டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. அதை அவள் நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தாள். பிள்ளைகளின் தாளில் காலி இடத்தைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரியாட்டியும் ஏதாவது எழுது. வெறும் தாளுக்கு எவனும் மார்க் போடமாட்டான்" என்று பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவளைக் கேட்காமலே அது வாயிலிருந்து வந்து விழும்.

1951இல் மைசூர் தேவராஜ மொஹல்லாவை ஒட்டியிருந்த ஒரு மிடில் ஸ்கூலில், தமிழ்ப் பிரிவு நாலாம் வகுப்பு அவளுடையது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மகள் ஐவியும் அதே வகுப்புதான். டீச்சர் மகளுக்குச் சலுகை என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று, மற்றவர்களுக்கு ஒரு குட்டு என்றால் ஐவிக்கு இரண்டு விழும். கணவர் அமலதாஸ் ஹூப்ளியில் ரயில்வே உத்தியோகம், மாதம் ஒருமுறை வந்து போவார். ஜெசிந்தாவின் வேலை இன்னும் தற்காலிகம். நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஹெட்மாஸ்டர் ஏசுதாஸ் கையில் இருந்தது.

அந்த ஆகஸ்டில் கல்லூரியில் மனோதத்துவம் சொல்லித்தரும், தமிழும் படிக்கத் தெரிந்த ஸ்ரீகண்டையா வந்தார். சுதந்திரம் வந்து நான்கு வருஷமாகிவிட்டதே, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை எப்படிப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராயப் போகிறாராம். ஆறு கேள்விகள். யாரும் தாளில் தன் பெயரை எழுதக் கூடாது. நான்காவது கேள்வி இது: யார் பக்கத்தில் உட்கார உனக்கு விருப்பமில்லை?

"அம்மாவ்ரே, யாரையும் குறிப்பிட மனமில்லாத பிள்ளை காலியாக விடலாம். அதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டு, புது முகத்தைக் கண்டால் பிள்ளைகள் மிரளும் என்று அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

அவளும் ஒழுங்காகத்தான் சொன்னாள். ஆனால் நான்காவது கேள்வியில் பாதி வகுப்பு பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கண்டதும் பழக்கம் முந்திக்கொண்டது. "என்ன முழிக்கிறீங்க? யாரும் காலியா விடக்கூடாது. ஏதாவது எழுதுங்க!" ஐந்து நிமிஷத்தில் எல்லாத் தாளும் நிரம்பிவிட்டது. அவளுக்குத் திருப்தியாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் தாள்கள் கிடந்தன. ஸ்ரீகண்டையா எதிரே முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"பாருங்க டீச்சர். முப்பத்தெட்டுல முப்பத்தொரு பேர் ஒரே பேரை எழுதியிருக்காங்க. சுலோசனா."

சுலோசனா மார்க்கெட்டில் குப்பை கூட்டும் சித்தம்மாவின் மகள். குப்பை கூட்டுகிறவர்கள் தெருவிலிருந்து அந்த வகுப்புக்கு வந்த முதல் பிள்ளை. கடைசி பெஞ்சில் தனியாக உட்காருவாள். கூட உட்கார யாரும் வரவில்லை, ஜெசிந்தாவும் யாரையும் உட்கார வைக்கவில்லை. அவளைச் சேர்த்த நாள்முதல், தங்கள் பிள்ளைகளை அங்கே படிக்கவைத்த மண்டி வியாபாரிகள் ஏசுதாஸின் காதைக் கடித்துக்கொண்டே இருந்தார்கள்.

"நானா ஏதாவது செஞ்சா சட்டம் பேசுவாங்க. இப்ப ஆராய்ச்சியே சொல்லுது" என்றார் ஏசுதாஸ். "ஊருக்கு அந்தப் பக்கம் அவங்களுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்கு. சர்டிபிகேட்டைக் கிழிச்சுக் கொடுத்துடலாம். அந்தப் பொண்ணுக்கும் அதுதான் நிம்மதி."

அந்தப் பள்ளி நான்கு மைல். விடியுமுன் துடைப்பத்தோடு கிளம்பும் சித்தம்மா மகளை அங்கே கொண்டுபோய் விடுவதாவது! அதோடு அந்தப் பிள்ளையின் படிப்பு முடிந்தது என்று அங்கிருந்த மூவருக்கும் தெரியும்.

ஜெசிந்தா தாள்களைக் கையில் எடுத்தாள். பெயர் இல்லாவிட்டால் என்ன, தினமும் திருத்துகிறவளுக்குக் கையெழுத்து தெரியாதா? ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு தாளில் நின்றாள். இடது பக்கம் சாய்ந்த, குண்டு குண்டான எழுத்து. நான்காவது கேள்விக்கு நேரே 'சுலோசனா' என்று இருந்தது. அது சுலோசனாவின் கையெழுத்து.

ஒரு பிள்ளை தன் பெயரைத் தானே ஏன் எழுதும்? ஏதாவது எழுது, காலியாக விடாதே என்று ஒருத்தி தலைமேல் நின்று கத்தினால் எழுதும். வேறு யாரையும் எழுத மனம் வராத பிள்ளை எழுதும். மற்ற முப்பதில் எத்தனை பேர் இப்படிப் பயத்தில், கைக்கு எளிதாக வந்த பெயரை எழுதினார்களோ!

வாயை மூடிக்கொண்டு போய்விடலாம். டிசம்பரில் வேலை நிரந்தரமாகும் என்று ஏசுதாஸ் ஜாடையாகச் சொல்லியிருந்தார்.

"சார், தப்பு என்னுது. காலியா விடலாம்னு அவர் சொன்னார். நான்தான் விடக்கூடாதுன்னு மிரட்டினேன்."

ஸ்ரீகண்டையா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அப்படியானால் இந்தக் கணக்கு செல்லாது. மறுபடி எடுக்க வேண்டும்."

ஏசுதாஸ் அவளையே பார்த்தார். "எழுதிக் கொடுங்க டீச்சர். கடமையில் தவறினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஃபைல்ல இருக்கட்டும். நாளைக்கு மறுபடி எடுக்கட்டும். பாதிக்கு மேல அதே பேர் வந்தா அந்தப் பொண்ணு போறா. அப்புறம் யாரும் என்கிட்ட வரக்கூடாது."

எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் புதிய தாள்கள். இந்தத் தடவை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். "மனசு இல்லைன்னா காலியா விடுங்க, நான் திட்டமாட்டேன். யார் என்ன எழுதினீங்கன்னு கேக்கவும் மாட்டேன்" என்றதோடு சரி. பிள்ளைகள் அவளை ஏதோ காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மத்தியானம் ஹெட்மாஸ்டர் அறையில் எண்ணினார்கள். ஸ்ரீகண்டையா படிக்க, ஏசுதாஸ் கோடு போட்டார். இருபது கோடு விழுந்தால் சுலோசனா இல்லை.

முதல் தாள், சுலோசனா. இரண்டாவது, சுலோசனா. மூன்றாவதும் அவளே. ஜெசிந்தா கர்த்தரைக் கூப்பிடவும் மறந்து நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான்காவது காலி. ஐந்தாவது காலி. அப்புறம் இரண்டு கோடு. மறுபடி காலி. வகுப்புப் போக்கிரி முனிராஜ் பெயர் ஒன்று. காலி, காலி. தன் ஆயுளில் காலித் தாளைப் பார்த்து அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். இடது பக்கம் சாய்ந்த எழுத்துத் தாளிலும் நான்காவது இடம் காலியாக இருந்தது.

முப்பத்தெட்டும் முடிந்தது. காலி இருபத்துநாலு. மற்றப் பெயர்கள் ஐந்து. சுலோசனா ஒன்பது.

ஏசுதாஸ் பென்சிலைப் போட்டார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

வெளியே போகத் திரும்பிய ஜெசிந்தா, மேலாக இருந்த கடைசித் தாளைப் பார்த்தாள். அதுவும் ஒன்பதில் ஒன்று. அச்சுக் கோத்தது போன்ற, அவளே கைப்பிடித்துப் பழக்கிய எழுத்து. ஐவி எழுதியிருந்தாள்.

யாரும் பயமுறுத்தவில்லை. காலியாக விடலாம் என்று தெரிந்தே எழுதியிருக்கிறாள்.

யார் என்ன எழுதினார்கள் என்று கேட்கமாட்டேன் என்று வகுப்புக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் வீடு வரும்வரை அந்த வாக்கைக் காப்பாற்றினாள். ஐவி பையைக்கூடக் கழற்றியிருக்க மாட்டாள்.

"சுலோசனா உனக்கு என்னடி கெடுதல் பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலியே."

"அப்புறம் ஏண்டி எழுதினே? அவளும் உன்னை மாதிரிப் பிள்ளைதானே?"

ஐவி அம்மாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். அவள் குரலில் எதிர்ப்பு இல்லை, குற்றம் சாட்டும் எண்ணமும் இல்லை. கணக்கில் வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"போன வாரம் நோட்டு வாங்க அவ இங்க வந்தாள்ல? தண்ணி கேட்டா. நீ தோட்டிக்கு வெச்சிருக்கிற அலுமினிய லோட்டால ஊத்திக் கொடுத்தே. அவ போனப்புறம் அதைத் தொடாதேன்னு என்கிட்ட சொன்னே. அதான் எழுதினேன்."

அடிக்க ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், சுலோசனாவுக்காக வேலையையே பணயம் வைத்தவள் என்று மத்தியானம் முழுக்கத் தன்னை மெச்சிக்கொண்டிருந்தாள். இப்போது வெட்கத்தில் காது கொதித்தது.

மறுநாள் காலை சுலோசனாவை முன் பெஞ்சில், ஐவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறகு தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய ஸ்ரீகண்டையாவை வாசலில் நிறுத்தினாள்.

"ஒன்பதுன்னு எழுதியிருக்கீங்களே, அதைப் பத்துன்னு மாத்துங்க சார்."

"ஏன்? ஒரு தாள் விட்டுப்போயிற்றா?"

"ஆமா. என்னோடது."

அவருக்கு விளங்கவில்லை. "இது பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி, அம்மாவ்ரே. ஆசிரியர்களுக்கு அட்டவணையில் கட்டமே இல்லையே."

"அப்ப ஒரு கட்டம் போடுங்க" என்றாள் ஜெசிந்தா.