இரண்டு பக்கமும் வாசிக்கப்பட்ட சீட்டு

கெட்டம்பேயில் பஸ் அசையாமல் நின்றது. முன்னால் வாகனம், பின்னால் வாகனம். என் வயிற்றுக்குள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல ஒரு பிடி. போன வருஷம் நவம்பர் மாதம், பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். பேராதனைப் பக்கம் ஒரு பாடசாலையில் நான் தமிழ் ஆசிரியை. வீடு மஹய்யாவில். அந்தக் கொஞ்சத் தூரம் அன்றைக்கு முடிவே இல்லாத தூரமாகிவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடினேன். நாற்பத்து நான்கு வயதில், சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு, பெருந்தெருவில் ஓடினேன்! எதிரே இருந்த சில்லறைக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்தாங்க, டீச்சர உள்ளுக்கு கூட்டிட்டுப் போங்க. சொணங்காம!"

அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டொய்லெட்டைக் காட்டினார். நான் வெளியே வந்தபோது இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ஒரு கோப்பை தயாராக இருந்தது.

"சாப்பாடு ஒத்துக்கலியா டீச்சர்?"

"ஆமாங்க. மத்தியானம் சாப்பிட்டதுதான்."

அது பொய். மத்தியானம் நான் ஒன்றுமே சாப்பிடவில்லை. ஆனால் பல வருஷமாக எல்லாருக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பொய்யை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போகும் சாட்சி முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, ஒரு கதிரையில் உட்கார்ந்து அழுதேன். ஆண்டவரே, இத்தனை வருஷம் கேட்கிறேனே, உமக்குக் காது இல்லையா? அப்படியேதான் கேட்டேன். அழகான சொற்கள் எல்லாம் அன்றைக்கு என்னை விட்டுப் போய்விட்டன.

எனக்கு என்ன என்று சொல்கிறேன். திடீரென்று வயிறு ஊதும். பாவாடை நாடாவைத் தளர்த்த வேண்டி வரும். பிறகு வயிற்றோட்டம், இல்லாவிட்டால் கல்லாக இறுகும். கழிக்கும்போது கத்தியால் கீறுவதுபோல வலி. நாலைந்து நாள் ஆட்டிவைத்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோலப் போய்விடும். போனதும் நான் துள்ளி எழுந்துவிடுவேன். மீண்டும் வரும். எல்லாரும் "கெஸ்ட்ரைட்டிஸ்" என்றார்கள். இந்த ஊரில் வயிற்றில் எது நடந்தாலும் அதற்குப் பெயர் அதுதானே!

நானும் சாப்பாட்டின் மேல் பழியைப் போட்டேன். முதலில் பலாக்காயை விட்டேன். பிறகு பருப்பு, பால், மிளகாய், கொத்துரொட்டி. கடைசியில் நத்தார் கேக்கையும் விட்டேன். என் வீட்டுக்காரர் ஜேம்ஸ் த்ரீவீல் ஓட்டுகிறார், வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிற மனுஷன். ஒருநாள் தட்டைப் பார்த்துக் கேட்டார்: "இன்னும் எதைத்தான் விடப்போற? தண்ணியையுமா?"

டாக்டர்களும் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டார்கள், நானும் சாப்பாட்டைப் பற்றியே சொன்னேன். கமெரா விட்டுப் பார்த்த பரிசோதனையும் சுத்தமாக வந்தது. ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாத ஒன்று என்னைக் கொன்றுகொண்டிருந்தது.

மாதவிடாய் நாட்களில் எனக்கு வலி அதிகம்தான். அது பெண்ணாகப் பிறந்ததற்கு உள்ளது என்று அதை ஒரு பக்கம் வைத்திருந்தேன். வயிறு இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு கதவுகள் என்று எனக்குத் தெரியவில்லை. வயிறு இரண்டு மூன்று நாள் முந்தியே தொடங்கிவிடும். அதனால் சேர்த்துப் பார்க்கவும் தோன்றவில்லை.

இனி எங்கள் சபையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மஹய்யாவில் எங்களுடையது சின்னச் சபை. வாசலில் ஒரு பெட்டி, பக்கத்தில் காகிதத் துண்டுகள். ஜெபிக்க வேண்டியதைத் திகதி போட்டு, பெயர் எழுதிப் போடுவோம். ஆராதனை நடுவில் தாவீது அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசிப்பார். முந்தி பஸ் கொண்டக்டராக இருந்தவர். மைக் வேண்டாத தொண்டை. சிலர் பின்பக்கமும் எழுதுவார்கள் என்பதால் எந்தச் சீட்டையும் திருப்பிப் பார்த்து, அதையும் வாசிப்பது அவர் பழக்கம். வாசித்த சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்போம். டிசம்பர் மாதம் அவரவர் சீட்டை அவரவரிடம் திருப்பிக் கொடுப்போம். பதில் கிடைத்தவர்கள் அந்தச் சீட்டை நத்தார் மரத்தில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள். எங்கள் மரத்தில் பளபளக்கும் உருண்டைகள் குறைவு, காகிதம்தான் அதிகம். காற்று அடித்தால் மரம் முழுக்கப் படபடவென்று பேசும்.

ஒவ்வொரு வருஷமும் என் சீட்டு மட்டும் அந்த மரத்தில் ஏறாது.

நான் எழுதியது என்ன தெரியுமா? "வயிற்று நோவு நீங்க." மூன்று சொல். அதற்கு மேல் எழுத முடியுமா? தாவீது அண்ணன் சத்தமாக வாசிப்பாரே! ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், வாலிபர்கள், என்னிடம் படிக்கிற பிள்ளைகள். சபைக்கு நத்தார் நாடகம் எழுதுகிறவள் நான். ஒரு மேகத்துக்கு ஏழு பெயர் வைப்பேன். என் உடம்பின் ஒரு சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை.

கெட்டம்பேயில் ஓடிய அந்தக் கிழமையே ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபருக்கு. உடல்நலக் குறைவால் முன்கூட்டியே ஓய்வு பெற விரும்புகிறேன் என்று. லீவுகள் முடிந்துவிட்டன. வகுப்பின் நடுவில் நான் வெளியே ஓடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும் அன்று கொடுப்பதென்று கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஜேம்ஸிடம் சொல்லவில்லை. கற்பிப்பதை விட்டால் நான் யார்? அதை நினைக்கவே பயமாக இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனார்கள். சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலை கிரேஸ் அக்காவுக்கு. யாழ்ப்பாணத்துப் பெண்மணி, முப்பது வருஷம் தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் முதலில் திகதிப்படி அடுக்காவிட்டால் அவருக்கு மூச்சு வராது. என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், இங்கை வாரும். இதென்ன கூத்து?"

மேசையில் என் சீட்டுகள். பதினொன்று. பக்கத்தில் ஏதோ ஒரு சேலைக்கடை கொடுத்த கலண்டர். ஒவ்வொரு சீட்டையும் அதன் திகதிக்கு மேலே வைத்திருந்தார். நான்கு கிழமைக்கு ஒன்று, இருபத்தெட்டு நாளுக்கு ஒன்று, ஓரிரண்டு இடத்தில் மட்டும் ஐந்து கிழமை. படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தது.

"உமக்கு நாலு கிழமைக்கு ஒருக்காத்தான் வயிறு இருக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, உண்மையைச் சொல்லும். இந்தத் திகதியளிலை உமக்கு வேறை என்ன வாறது?"

நான் கலண்டரைப் பார்த்தேன். என் உடம்பெல்லாம் புல்லரித்தது, சகோதரிகளே! இப்போது எழுதும்போதும் புல்லரிக்கிறது, எழுந்து ஒருதரம் நடந்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன். வருஷம் முழுக்க நான் பரலோகத்துக்கு அனுப்பிய பதினொரு விண்ணப்பமும் ஒன்றாகத் திரும்பி வந்து, வரிசையில் நின்று, எனக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கர்த்தர் காது கொடுத்துத்தான் இருந்தார். அவர் கொடுத்த பதிலை நான் அடுக்கிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்!

"பாதியை எழுதிப்போட்டு முழுசாய்ச் சுகம் கேட்டால் அவரும் என்ன செய்யிறது?" என்றார் கிரேஸ் அக்கா. "வாற ஞாயிறு ஒழுங்காய் எழுதும். வெக்கத்தை நான் பாத்துக்கொள்ளுறன்."

அடுத்த ஞாயிறு வாசலில் நின்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் காகிதத் துண்டு ஒன்றும் மிச்சமில்லை. இப்போது விட்டால் இனி எழுத மாட்டேன் என்று தெரிந்தது. கைப்பைக்குள் விட்ட கையில் அகப்பட்ட காகிதத்தை எடுத்து, அதன் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்: "மாதவிடாய்க்கு முன்னும் அந்த நாட்களிலும் என் குடலில் தாங்க முடியாத வலி. வயிற்றோட்டம். இதன் பெயர் எனக்குத் தெரிய வேண்டும். ஜெபியுங்கள்." மடித்துப் போட்டுவிட்டேன். அந்த அவசரத்தில் அது எந்தக் காகிதம் என்று நான் யோசிக்கவே இல்லை.

தாவீது அண்ணன் எடுத்தார். "மாதவி..." என்று முழங்கித் தொடங்கினார். நின்றார். தொண்டையைச் செருமினார். கண்ணாடியைச் சரிசெய்தார். ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. மனுஷன் விடவில்லை, முதலிலிருந்து முழுசாக வாசித்து முடித்தார். நல்ல மனுஷன். பிறகு, பழக்கம்! திருப்பினார்.

"அதிபர் அவர்கட்கு. முன்கூட்டியே ஓய்வு பெறல் தொடர்பாக..."

அவர் பாதியில் விளங்கி நிறுத்தினார், ஆனால் போனது போனதுதான். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்றார். ஜேம்ஸ். என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. வழி தவறிப் போன பிள்ளையைச் சந்தையில் கண்டுபிடித்த முகம்.

வெளியே த்ரீவீலில் ஏறியதும் கேட்டார்: "என்கிட்டயுமா பாதி?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"இருபது வருஷமா உன் துணியும் என் துணியும் ஒரே கொடியிலதான் காயுது. இதுல என்னடி வெக்கம்?"

அடுத்த நாளே பேராதனையில் ஒரு பெண்கள் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டாக்டர் அம்மா சிங்களவர். நான் வாய் திறக்குமுன் ஜேம்ஸ் அந்தக் கலண்டரை மேசையில் விரித்தார். கிரேஸ் அக்கா தபால் முத்திரை ஒட்டுகிற ஒழுங்கோடு பதினொரு சீட்டையும் அதில் ஒட்டிக் கொடுத்திருந்தார். டாக்டர் அம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியுமே! விரலை வைத்து ஜனவரியிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். நிமிர்ந்து சிரித்தார். "இவ்வளவு நல்ல ரிப்போர்ட்டை யாரும் எனக்குக் கொண்டு வந்து கொடுத்ததில்லை" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு இதுவரை யாரும் கேட்காத கேள்விகளைக் கேட்டார். நான் முழுசாகச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. ஜேம்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். பெயர் கிடைத்தது! எண்டோமெற்றியோசிஸ். கர்ப்பப்பையின் உள்ளே இருக்க வேண்டிய சதையைப் போன்றது வெளியே, என் குடலின் மேல் ஒட்டியிருந்தது. மாதாமாதம் அதுவும் வீங்கி நோகும், குடலையும் இழுக்கும். குடலுக்குள்ளே கமெரா விட்டபோது தெரியாமல் போனதும் அதனால்தான். பாவம், பலாக்காய்! அதன் மேல் எத்தனை வருஷம் பழி போட்டேன்!

மாத்திரை தொடங்கினார்கள். முதல் மாதம் பெரிதாக மாற்றமில்லை. இரண்டாவது மாதம் வலி பாதி. சித்திரை மாதம் ஒருநாள் வகுப்பில் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தபோது திடீரென்று உறைத்தது: கலண்டர்ப்படி இது என் மோசமான நாள்! நான் நின்றுகொண்டிருக்கிறேன்! வரியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் முன்னால், "ஸ்தோத்திரம்!" என்று கத்திவிட்டேன். பின்வரிசையில் ஒருத்தி, "டீச்சர், அது பாட்டுல இல்லயே" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாத்திரை தொடர்கிறது, கிளினிக் தொடர்கிறது, சில மாதம் லேசாக எட்டிப் பார்க்கிறது. ஆனால் கெட்டம்பேயில் பஸ் நின்றால் இப்போது நான் ஜன்னல் வழியாக மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கடைக்கு ஒருநாள் இறங்கிப் போனேன். பிளேன்டீ கொடுத்த அந்தத் தங்கச்சியிடம், "அன்னைக்கு நான் சொன்னது பொய்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "எனக்கும் அந்த நாள்ல அப்படித்தான் டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார். கிளினிக் நாளை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இந்த டிசம்பரில் அந்தக் கடிதத்தை எங்கள் மரத்தில் நானே கட்டினேன். மற்றச் சீட்டுகளை விடப் பெரிய காகிதம், கொப்பே தாழ்ந்துவிட்டது. காற்றுக்கு அது சுழல்கிறது. ஒரு முறை அதிபருக்கு எழுதியது தெரிகிறது, மறுமுறை ஆண்டவருக்கு எழுதியது தெரிகிறது. நல்லவேளை, முதலாவது போய்ச் சேரவில்லை.

இதை வாசிக்கிற சகோதரியே, நீங்களும் எங்கேயோ பாதிச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பீர்கள். மீதியையும் எழுதுங்கள். திகதியும் போடுங்கள். ஜெபத்தில் மறைக்காதீர்கள், டாக்டரிடமும் மறைக்காதீர்கள். உங்களை உண்டாக்கினவர் உங்கள் உடம்பின் எந்தச் சொல்லுக்கும் முகம் சுளிக்க மாட்டார். நம்பி எழுதுங்கள்!

இந்த வருஷம் எங்கள் பெட்டியில் மாதவிடாய் என்ற சொல் எழுதிய சீட்டுகள் ஐந்து வந்தன. கடைசியாக ஒன்று போன ஞாயிறு. எழுதியவள் பதினாறு வயதுப் பிள்ளை. தாவீது அண்ணன் எடுத்தார், சத்தமாக வாசித்தார், திருப்பிப் பார்த்தார், ஜெபித்தார். தொண்டையைச் செருமவே இல்லை.